நீ புதிதாகக் கட்டிய வாசற்படி

மகனே,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எப்பாடு பட்டாவது நலமாக இருந்துகொள்கிறவன் நீ. தை பிறந்ததும் குழந்தைக்குத் திருமலையில் மொட்டை போட வருகிறோம், சித்தூர் வீட்டில்தான் தங்குவோம் என்று போன வாரம் போனில் சொன்னாய். அதற்குப் பதில்தான் இது. உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உன் அம்மா கனடாவில் விழுந்த கதையை நீ நம் குடும்ப வாட்ஸப் குழுவில்தானே போட்டாய்? நகரி, புத்தூர், வேலூர், சென்னை என்று நம் சொந்தம் மொத்தமும் அதில் இருக்கிறது. அதனால் என் பதிலையும் அங்கேயே போடுகிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் பாதியில் விட்டுவிட வேண்டாம். அவள் விழுந்ததற்குச் சிரிக்க நேரம் இருந்தவர்களுக்கு இதைப் படிக்கவும் நேரம் இருக்கும்.

ஹேமாவுக்குப் பிரசவம் பார்க்க நாங்கள் போன வருஷம் தசரா முடிந்து எட்மண்டனுக்கு வந்தோம். உன் அம்மா அப்போதுதான் அங்கன்வாடி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். ஊரார் குழந்தைகளைத் தூக்கித் தூக்கியே வயதானவள், சொந்தப் பேத்தியைத் தூக்கப் போகிறோம் என்று பெட்டி நிறையப் பழம்புடவையைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். நீ காரை நிறுத்தி, இதுதான் வீடு என்றாய். அங்கேயெல்லாம் வீடு தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. கதவுக்குப் போக சிமெண்ட் படி. அந்தப் படியின் மேல் பச்சையாகப் புல் மாதிரி ஒரு கார்ப்பெட்டை ஒட்டியிருந்தாய். அவள் அதைப் பார்த்து, "எவ்ளோ அழகா போட்டுக்கினு இருக்கான் பாருங்க" என்றாள். நான் பெட்டியோடு ஏறும்போது படி காலுக்கடியில் அசைந்தது. இரும்புக் கைப்பிடியைப் பிடித்தால் அதுவும் கூடவே வந்தது.

மறுநாள் காலையில் வெளியே வந்து பார்த்தேன். கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கினால் கீழே சிமெண்ட் பொரிந்துபோய் ஜல்லி பல் காட்டிக்கொண்டிருந்தது. பனி கரைய அந்த ஊரில் உப்பு கொட்டுகிறார்கள். தண்ணீர் விரிசலுக்குள் போய் உறைந்து உப்பிப் பிளக்கிறது, மேலே உப்பு அரிக்கிறது. படிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் என் கை போகிற அளவுக்கு இடைவெளி. "படி ஆடிக்கினு இருக்குதுடா, கீழ பொந்து மாதிரி இருக்குது" என்று உன்னிடம் சொன்னேன். "எல்லாம் அடுத்த சம்மர்ல பார்த்துக்கலாம் நைனா. நீங்க வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன்" என்று நிலவறைக்கு அழைத்துப் போனாய். சுவர் முழுக்கத் திரை, சாய்ந்துகொள்கிற நாற்காலிகள், நாலு மூலையிலும் ஸ்பீக்கர். எனக்காக ஒரு பழைய படம் போட்டாய். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வருகிறவன் காலை வைக்கிற இடம் இற்றுப் போயிருக்கும்போது ஒருவன் நிலவறையில் சினிமா கொட்டகை கட்டுவானா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் சிரித்தது அதற்குத்தானே. ஆமாம், வந்த புதிதில் உன் அம்மா விடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் கொண்டுபோய் வாசலில் தெளித்தாள். கல்யாணமான நாளிலிருந்து செய்கிற வேலை, கை தானாகப் போனது. முதல் பனி விழுவதற்கு முன்பே ஹேமா சொன்னாள்: "அத்தை, இனிமே தெளிக்காதீங்க, ஐஸ் ஆயிடும்." அதோடு நின்றது. உன் அம்மாவுக்கு எதையும் ரெண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி பிறந்தபோது கதவுக்கு உள்பக்கம், செருப்பு வைக்கிற இடத்தில், சாக்பீஸால் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். அதையும் நீ மிதித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனாய். அவள் சாயங்காலம் துடைத்துவிட்டு மறுநாள் திரும்பப் போட்டாள்.

அந்த மார்கழியில்தான் விழுந்தாள். நீ ஆபீஸில் இருந்தாய். ஹேமா மாடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் குளியலறையில். வாசல் மணி அடித்தது. குழந்தையின் டயப்பர் பார்சலை எவனோ கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் எடுக்கப் போனாள். எனக்குக் கேட்டது ஒரு கல் விழுகிற சத்தம். அப்புறம் அவள் குரல். நான் வந்து பார்க்கும்போது பனியில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் கோணிக்கொண்டு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்லீங்க, தூக்கி வுடுங்க" என்றாள். தூக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில், உன் அம்மா எப்படி விழுந்தாள் என்று டாக்டர் கேட்டார். நீ உடனே இங்கிலீஷில் சொன்னாய்: "இவங்க தினமும் காலையில படியில தண்ணி ஊத்துவாங்க. அது எங்க பக்கத்துப் பழக்கம்." டாக்டர் ஒரு மாதிரி சிரித்தார். நீயும் சிரித்தாய். மாம்பழக் கூழ் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் போனில் பேசியே ஓய்வு பெற்றவன் நான், எனக்கு இங்கிலீஷ் புரியும் என்று உனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. உன் அம்மாவுக்குப் புரியாது. "இன்னா சொன்னே டாக்டர்கிட்ட?" என்று கேட்டாள். சொன்னாய். அவள் சொன்ன பதிலை நான் அப்படியே எழுதுகிறேன்: "நான் தெளிக்கலையேப்பா. பார்சல எடுக்கத்தான் போனேன்." நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாய்: "அம்மா, வலியில உனக்கு ஞாபகம் இருக்காது. நீ தெளிச்சிருக்கே. விடு, இப்ப எதுக்கு அது?"

நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பார்க்காத விஷயத்தில் மகன் இவ்வளவு நிச்சயமாகச் சொன்னால், தகப்பன் எதை வைத்து மறுப்பான்?

அன்று மாலையே குழுவில் போட்டுவிட்டாய். "அம்மா எட்மண்டனைச் சித்தூர்னு நினைச்சு வாசல் தெளிச்சுட்டாங்க. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. பயப்பட வேண்டாம், ஆபரேஷன் ஆயிடுச்சு." பக்கத்தில் சிரிக்கிற பொம்மை. அதற்குக் கீழே வந்தவற்றையெல்லாம் நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். உன் நகரி சித்தி குரலிலேயே பேசி அனுப்பினாள்: "ஏன்க்கா, ஐஸ் கொட்டற ஊர்ல போயி யாராச்சும் வாசல் தெளிப்பாங்களா? நல்லா கூத்து பண்ணே போ!" படுக்கையில் இருந்த உன் அம்மா அதைப் போட்டுக் கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள். கேட்டுவிட்டு என்னிடம், "தெளிச்சிருப்பேனாட்டம் இருக்குதுங்க. எனக்குத்தான் நெனப்பில்ல" என்றாள்.

அங்கிருந்துதான் அவள் நம்பத் தொடங்கினாள். வீட்டுக்கு உன் சிநேகிதர்கள் வரும்போதெல்லாம் நீ அவள் எதிரிலேயே அந்தக் கதையைச் சொன்னாய். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. மக்குத் தண்ணீர் வாளித் தண்ணீரானது. கடைசியில் அவளே சொல்ல ஆரம்பித்தாள். யாராவது வந்தால் நீ வாயைத் திறப்பதற்கு முன் அவளே முந்திக்கொண்டு, "என் புத்தி கெட்ட வேலைம்மா" என்று ஆரம்பிப்பாள். குழந்தை அழுதால் எழுந்து போகப் பார்ப்பாள், முடியாது. யாராவது எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க மாட்டார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேத்தியைத் தூக்க வந்தவள், திரும்பும்வரை அந்தக் குழந்தையை நின்றபடி ஒரு தரம் கூடத் தூக்கவில்லை.

உனக்கு இது புதிய பழக்கம் இல்லை. காலேஜில் படிக்கும்போது என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலூர் ரோட்டில் போய்ப் பாலத்துச் சுவரில் மோதினாய். வீட்டுக்கு வந்ததும், அம்மாதான் மாத்திரை வாங்கிவரச் சொன்னாள் என்றாய். உன் அம்மா ஒரு நொடி உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, நான்தான் அனுப்பினேன்" என்றாள். மேஜையில் மாத்திரை அட்டை நிறைய இருந்தது. அன்றைக்கு அவள் தெரிந்தே உன் பொய்யைத் தன் தலையில் வாங்கிக்கொண்டாள். எட்மண்டனில் நீ அவளுக்குத் தெரியாமலே ஏற்றினாய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குப் புரிகிறதா? முதலாவது அவள் கொடுத்தது. இரண்டாவது நீ திருடியது.

பங்குனியில் ஊருக்குக் கிளம்பினோம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் உன்னைக் கிட்டே கூப்பிட்டாள். உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உனக்கு ரொம்பத் தொந்தரவு வெச்சிட்டேன்ப்பா. லீவெல்லாம் போட வெச்சிட்டேன். பச்ச ஒடம்போட கைக்கொழந்தய வெச்சிக்கினு ஹேமா எனக்கும் சேர்த்து சமைச்சா. என்னை மன்னிச்சிடு" என்றாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ குனிந்து அவள் தோளைத் தட்டி, "பரவால்லம்மா. விடு. இனிமேலாச்சும் ஜாக்கிரதையா இரு" என்றாய்.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். மற்றதெல்லாம் பயத்தில் சொன்னது என்று வைத்துக்கொண்டாலும், அந்த இடத்தில் உனக்கு என்ன பயம்? சுற்றிலும் தெரிந்தவர் யாருமில்லை. அவளை வாயை மூடு என்று திட்டியிருந்தால்கூடப் போதும். நீ அவளை மன்னித்தாய்.

சித்தூர் வந்தபிறகு வாரத்துக்கு இரண்டு நாள் திருப்பதிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்த உடற்பயிற்சிப் பெண் "நடவண்டம்மா, நடவண்டி" என்று தெலுங்கில் அதட்டிக்கொண்டே இருப்பாள். இவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து, மூச்சு வாங்க நின்று, அந்தப் பெண்ணிடமும் தெலுங்கில் தன் தண்ணீர்க் கதையைச் சொல்வாள். வரிசையில் காத்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை இவளும் சிரிப்பாள். நம் வீட்டு வாசற்படியில் அவளால் ஏற முடியவில்லை. ஆள் வைத்து அதை உடைத்து, சரிவாகச் சிமெண்ட் போட்டு, சுவரோரம் பைப் பதித்தேன். நீ வீடியோவில் பார்த்துவிட்டு, "வீட்டு முகப்பே போச்சே நைனா, நாளைக்கு விக்கணும்னா விலை போகாதே" என்றாய். நான் உயிரோடு இருக்கும்போதே விலை பேசிவிட்டாய்.

உங்கள் ஊரில் வெயில் வந்ததும் நீயும் படியை உடைத்தாய். ஞாயிற்றுக்கிழமை, வீடியோவில் கூப்பிட்டு, "நைனா, பாருங்க, புதுசா போடறோம்" என்று பெருமையாகக் காட்டினாய். பச்சைக் கார்ப்பெட் சுருண்டு கிடந்தது. படிக்கு உள்ளே எதுவுமே இல்லை. மண் இறங்கிப் போய், மேலே ஓடு மட்டும் நின்றிருந்திருக்கிறது. மண் பனியில் உறையாத ஆழம்வரை தோண்டி, ஜல்லி கொட்டி, அஸ்திவாரம் போட்டுத்தான் கட்டுகிறோம், இனி அசையாது என்று விளக்கினாய். அப்போது அந்த வேலையை எடுத்த வெள்ளைக்காரன் உடைந்த மூலை ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தான். அவன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "இதோ, நீ காட்டின வீடியோவுல உடைஞ்ச மூலை இதுதான். ஐஸும் இல்ல, ஒண்ணும் இல்ல, காலை வெச்சதும் அப்படியே போயிருக்கு. உன் அப்பா அம்மா வர்றதுக்கு முன்னாடியே சொன்னேன் இல்ல, யாராவது அடிபடுவாங்கன்னு?" படம் சட்டென்று வானத்துக்குத் திரும்பியது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா, "இன்னா சொல்றான் அவன்?" என்றாள். நான் உன்னையே கேட்டேன்: "டேய், அவன் இன்னா சொல்றான்?"

"ஒண்ணுமில்ல நைனா. மழை வந்தா சிமெண்ட் காயாதுன்னு சொல்றான்."

அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒரு மனிதனுக்கு வாய் திறக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிறு ஞாயிறாகக் கூப்பிட்டாய். புதுப்படிக்கு ரெண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்ததைக் காட்டினாய். குழந்தை தவழ்வதைக் காட்டினாய், பிறகு நிற்பதைக் காட்டினாய். சொல்லவில்லை. போன வாரம் கூப்பிட்டு, அம்மா பக்கத்தில் இல்லையே என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "நைனா, நாங்க வரும்போது குழந்தையை அம்மா தூக்காம பார்த்துக்குங்க. அவங்களுக்கு இப்பல்லாம் கவனம் பத்தல. ஹேமா ரொம்ப பயப்படறா."

நீ போனை வைத்ததும் நான் ஹேமாவைக் கூப்பிட்டேன். "ஏம்மா, உங்க அத்தை குழந்தையைத் தூக்கக் கூடாதுன்னு சொன்னியா?" "நான் அப்படிச் சொல்லவே இல்லை மாமா" என்றாள் அவள். பிறகு, "மாமா, உங்களுக்கு ஒண்ணு அனுப்பறேன். முன்னாடியே அனுப்பி இருக்கணும்" என்றாள். வாசல் மணியில் கேமரா இருக்கிறது என்பதும், அந்த வெள்ளைக்காரன் சொன்ன வீடியோ எது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் மேல் கோபப்படாதே. கோபப்பட்டால் எனக்குத் தெரியாமல் போகாது.

அந்த வீடியோவை நான் இந்தக் குழுவில் போடப் போவதில்லை. அவள் விழுவதை இன்னும் யாரும் பார்க்க வேண்டாம். என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கதவு திறக்கிறது. புடவை மேல் உன் பழைய ஸ்வெட்டர், காலில் உன் பழைய ஷூ. கையில் மக்கு இல்லை, வாளி இல்லை, ஒன்றும் இல்லை. படி காய்ந்து கிடக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள். கைப்பிடி சாய்கிறது, மூலை பெயர்கிறது. கீழே கிடந்தபடி முதலில் உன் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறாள். அப்புறம் கையை நீட்டி, பனியில் நனையாமல் இருக்க அந்த டயப்பர் பார்சலைச் சுவரோரமாகத் தள்ளி வைக்கிறாள். அவள் விழுந்த நிமிஷமே இது உன் போனுக்கு வந்துவிட்டது என்று ஹேமா சொன்னாள். இதை நீ பார்த்திருக்கிறாய். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய், பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிற பொம்மை போட்டாய்.

தகப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். உன் மகள் இப்போதுதான் பேசக் கற்றுக்கொள்கிறாள். யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்வாள். உனக்கும் வயதாகும். ஒரு நாள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, உனக்கு ஞாபகம் இல்லை" என்று அவள் அன்பாகச் சொல்வாள். அப்போது உடனே நம்பிவிடாதே. முதலில் கேமராவைப் பார்.

நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பேத்திக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். போனைக் கையில் கொடுத்து வீடியோவைக் காட்டினேன். தான் விழுவதை முகம் சுளிக்காமல் பார்த்தாள். திருப்பிப் போடச் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விழுவதற்கு முந்தின இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"கையில ஒண்ணும் இல்லியே."

"இல்ல."

"அப்போ நான் தெளிக்கல."

"தெளிக்கல."

"இது அவனுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஒரு வருசமா ஊரு பூரா சொல்லிக்கினு இருந்தனே" என்றாள். பிறகு, தன்னைத்தானே கேட்பது போல, "மன்னிச்சிடுன்னு கேட்டப்ப பரவால்லன்னானே" என்றாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். நீங்கள் தையில் வருவதைப் பற்றி என்ன எழுதட்டும் என்று கேட்டேன். வர வேண்டாம் என்று சொல்லச் சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். எழுதவும் தயாராக இருந்தேன்.

"வரட்டும்" என்றாள். "ஹேமா வரட்டும், கொழந்தை வரட்டும், அவனும் வரட்டும். மூணு வேளையும் சோறு போடறேன். என்னை அம்மான்னு மட்டும் கூப்ட வேணாம்னு எழுதிடுங்க."

எழுதிவிட்டேன்.